பிக்கப்பை மாற்றுவதற்கு முன்னால்: டெல்டாவில் பழைய பேஸ் கிட்டார் வாங்கியவருக்கு

"அண்ணே, இந்த பேஸுக்கு நல்ல பிக்கப் எது? மாத்தணும்."

புதிதாக வாசிக்க வரும் பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். கலைந்துபோன ஏதோ ஓர் ஆர்கெஸ்ட்ராவிலிருந்து கைமாறி வந்த கிட்டாராக இருக்கும். இல்லாவிட்டால் துபாய் போன மாமா பரணில் போட்டுவிட்டுப் போனதாக இருக்கும். கையில் வாங்கி ஒரு தட்டு தட்டிப் பார்ப்பேன். கம்பி கறுத்திருக்கும், நெக் (கம்பி ஓடும் நீளக் கழுத்து) வில்லாக வளைந்திருக்கும், கேபிள் சொருகும் ஜாக் ஆடும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் அந்த பிக்கப் மட்டும் நன்றாகவே இருக்கும்.

கும்பகோணத்தைச் சுற்றி அம்மன் கோயில் தீமிதி, மாதா கோயில் தேர், கல்யாண ரிசப்ஷன் என்று இருபது வருஷமாக பேஸ் வாசிக்கிறேன். ஒழுங்காகக் கட்டிவைத்த சாதாரண கிட்டார், ஒழுங்கில்லாத விலையுயர்ந்த கிட்டாரை மேடையில் தோற்கடிப்பதை எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது. அதனால் முதலில் நெக், அப்புறம் கம்பி, உயரம், சுருதி, வயர் என்று போங்கள். வரிசையை மாற்றாதீர்கள். ஒரு வேலை அடுத்த வேலையைப் பாதிக்கும். நெக்கைத் தொட்டால் உயரம் மாறும், உயரம் மாறினால் சுருதி மாறும். பணம் செலவாகும் வேலையெல்லாம் கடைசியில்தான்.

கையில் இருப்பது என்ன?

அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். 1957-ல் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாக்கித் தள்ளித் தள்ளி வைத்தார்கள். 1960-ல் இரண்டு நீளப் பட்டை பிக்கப்போடு ஜாஸ் பேஸ் வந்தது. நம் பக்கம் கைமாறும் கிட்டார்களில் நான் பார்ப்பவை அநேகமாக இந்த இரண்டின் பிள்ளைகள், அல்லது இரண்டையும் கலந்தவை. யமஹா டிஆர்பிஎக்ஸ் 174 அப்படிக் கலந்த ஒன்று. அதில் பேட்டரி கிடையாது. தொடக்கக்காரருக்கு அது ஒரு நிம்மதி, கச்சேரி நடுவில் பேட்டரி தீர்ந்து முழிக்க வேண்டாம்.

டேப்பை எடுத்து நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் பட்டை) 12-வது ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வரை அளந்து பாருங்கள். 17 அங்குலம் இருந்தால் கம்பியின் முழு நீளம் 34 அங்குலம், அதாவது சுமார் 864 மி.மீ. கடையில் கிடைக்கும் சாதாரண செட் பொருந்தும். 15 அங்குலம்தான் என்றால் அது குட்டை அளவு. அதற்கென்று தனிச் செட் கேட்டு வாங்க வேண்டும். இதைப் பார்க்காமல் கம்பி வாங்கிவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

கிட்டாரின் உடலும் (பாடி) நெக்கும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்றும் பாருங்கள். தஞ்சாவூர் வீணையில் ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையும் உண்டு, தனித்தனியாகச் செய்து சேர்த்த ஒட்டு வீணையும் உண்டு. பேஸிலும் அதே கதை. நான்கு திருகாணி போட்டு நெக்கைப் பிடித்திருந்தால் அது ஒட்டு வீணையின் ஜாதி. அதைக் குறைவாக நினைக்காதீர்கள். நெக் கெட்டால் கழற்றி வேறு போடலாம்.

இன்னும் வாங்கவில்லை, பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் தலைப்பக்கம் கண்ணை வைத்து, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல நெக்கின் நீளத்துக்குப் பாருங்கள். முன்னும் பின்னும் வளைந்திருந்தால் சரிசெய்துவிடலாம். துணி பிழிந்ததுபோல முறுக்கியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

நெக்: நம் ஊர் மழைக்குப் பதில் சொல்லும் மரம்

நான்கு கம்பியும் சேர்ந்து நெக்கை இழுக்கும் விசை 80 கிலோவை ஒட்டி இருக்கும். ஒரு நெல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. அந்த இழுப்பை எதிர்த்து நிற்க நெக்குக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. அதுதான் ட்ரஸ் ராட். இழுவிசை மாறாது, மரம்தான் மாறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுச் சுவரே வியர்க்கும்போது நெக்கும் ஈரத்தைக் குடிக்கும், பங்குனி வெயிலில் கக்கும். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் பழைய வீடுகளில் பிரித்தெடுத்த ஆச்சா மரத்தைத் தேடுவது சும்மா இல்லை. பல பத்தாண்டுகள் காய்ந்து அடங்கிய மரம் இனிமேல் பெரிதாக ஆடாது. நம் கையில் இருக்கும் தொழிற்சாலை நெக்குக்கு அந்த வயசு ஆகவில்லை.

மழைக்காலத்தில் எந்தப் பக்கம் வளையும் என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. நெக் மரமும் அதன் மேல் விரல் பதியும் பலகையான ஃபிங்கர்போர்டு மரமும் வேறு வேறாக இருந்தால் ஒவ்வொரு கிட்டாரும் ஒவ்வொரு மாதிரி நடக்கும். ஊகிக்க வேண்டாம், அளந்து பார்க்கலாம்.

அளக்கும் முறை இது. கம்பிகளைச் சரியான சுருதிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். நாலில் தடித்ததான ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் இடது கையால் (அல்லது கம்பியை அழுத்திப் பிடிக்கும் கேப்போ கிளிப் போட்டு) அழுத்துங்கள். நெக் பாடியோடு சேரும் இடத்துக்குப் பக்கத்து ஃப்ரெட்டில் வலது கையால் அழுத்துங்கள். இப்போது கம்பி ஒரு நேர்கோடு. ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு சந்து என்று பாருங்கள். 0.3 முதல் 0.4 மி.மீ. இருந்தால் போதும். அதை அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும். தெருமுனை பைக் மெக்கானிக்கிடம் டாப்பெட் பார்க்கும் செட் இருக்கும், பத்து நிமிஷத்துக்கு இரவல் கேளுங்கள். கொடுத்துவிட்டு, எதற்கு என்று கட்டாயம் விசாரிப்பார்.

சந்து அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடை வலமாக, அதாவது இறுக்கும் திசையில் திருப்ப வேண்டும். சந்தே இல்லாவிட்டால் இடமாக. இறுக்கும் முன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் கூடாது. திருப்பி, திரும்பச் சுருதி ஏற்றி, அளந்து, அப்படியே ஓரமாக வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் மறுபடி அளந்தால் மரம் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

ட்ரஸ் ராடைத் திருப்பும் அறுகோணச் சாவி (ஆலன் கீ) விஷயத்தில் நான் சூடு பட்டவன். என் முதல் பேஸின் ட்ரஸ் ராட் அங்குல அளவு, 3/16. மி.மீ. கணக்கில் அது 4.76. என்னிடம் இருந்த 5 மி.மீ. சாவி உள்ளே போகவில்லை. 4.5 போனது, லேசாக ஆடியது. "போகுதுல்ல" என்று திருகினேன். மூன்றாவது திருகலில் உள்ளே இருந்த அறுகோணம் வட்டமாகிவிட்டது. அந்த நெக்கை அதற்கப்புறம் யாராலும் இறுக்க முடியவில்லை, கடைசியில் மாற்ற வேண்டியதாயிற்று. ஆடாமல் கச்சிதமாக உட்காரும் சாவி கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். திருப்பும்போது கடுமையாக எதிர்த்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எப்போதெல்லாம் அளப்பது? நான் சரஸ்வதி பூஜைக்கும் பொங்கலுக்கும் அளக்கிறேன். முதலாவது வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் நேரம், இரண்டாவது அது ஓய்ந்த நேரம். பூஜை என்றதும் இன்னொன்று: சந்தனம், குங்குமம் வைப்பதைப் பெட்டி மேல் வையுங்கள். ஃபிங்கர்போர்டில் ஊறிய குங்குமக் கறையை எதனாலும் எடுக்க முடியாது. அம்மாவிடம் சொல்லிப் புரியவைப்பது உங்கள் சாமர்த்தியம்.

கம்பி

நாலு கம்பி செட்டில் பெட்டி மேல் 45–65–85–105 அல்லது 45–65–80–100 என்று எழுதியிருக்கும். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பதுதான் அந்த எண். புதியவர் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் எடுத்ததை மாற்றாதீர்கள். தடிமன் மாறினால் நெக்கிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும்.

சுற்றுக்கம்பி சொரசொரப்பாக இருந்தால் ரவுண்டுவவுண்ட். பளிச்சென்று ஒலிக்கும். வழவழப்பாக இருந்தால் ஃப்ளாட்வவுண்ட். மொத்தமாக, அடங்கி ஒலிக்கும், வருஷக்கணக்கில் உழைக்கும். பழைய பாட்டு மட்டும் வாசிக்கும் குழுவில் இருந்தால் எனக்கு ஃப்ளாட்தான் பிடிக்கும். விலை கூடுதல் என்று முணுமுணுத்துக்கொண்டே வாங்குவேன்.

மாட்டும்போது கம்பியை, தலையில் சுருதி ஏற்றும் சாவியின் தண்டைத் தாண்டி நான்கு ஐந்து அங்குலம் விட்டு, வெட்டும் இடத்துக்கு முன்னால் முதலில் மடக்கிவிட்டு, பிறகு வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் உள்ளே சுற்று நழுவி, கம்பி பிறக்கும்போதே செத்துப்போகும். தண்டில் மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று வந்தால் சரி.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, பூம்புகார் பக்கம் வாசித்துவிட்டு வந்தால் கம்பியைத் துடைக்காமல் பையில் போடாதீர்கள். உப்புக்காற்றும் கை வியர்வையும் சேர்ந்தால் கம்பி சீக்கிரமே துருப்பிடித்துவிடும். காய்ந்த பருத்தித் துணி போதும், பழைய வேட்டித் துண்டு இன்னும் நல்லது. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். போட்ட அன்று மின்னும், பிறகு பிசுபிசுத்து, சிக்கு வாடை அடித்து, தூசியையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

புதுச் செட் வாங்கக் காசில்லாத மாதத்தில் ஒரு பழைய வைத்தியம் உண்டு. கம்பிகளைக் கழற்றி வளையமாகச் சுற்றி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்தால் சுற்றுக்குள் அடைத்த அழுக்கும் எண்ணெயும் விட்டுப்போகும். எடுத்து நன்றாகத் துடைத்து, வெயிலில் ஈரம் போகக் காயவைத்து மாட்டுங்கள். இரண்டு மூன்று கச்சேரிக்குப் பழைய பளிச்சென்ற சத்தம் வரும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சமையல் பாத்திரத்தில் போடாதீர்கள், பெயிண்ட் டப்பா ஒன்று ஒதுக்குங்கள்.

உயரமும் கரகரப்பும்

12-வது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் அடிப்பக்கம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று இரும்பு ஸ்கேலால் அளங்கள். ஈ கம்பி 2.5 மி.மீ., மெல்லியதான ஜி கம்பி 2 மி.மீ. என்று தொடங்கலாம். பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரு சாடில், அதில் இரண்டு குட்டித் திருகாணி. பெரும்பாலும் 1.5 மி.மீ. சாவி போகும். இரண்டையும் சமமாக ஏற்றி இறக்குங்கள்.

தம்புராவில் கம்பிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் ஜீவாளி என்று ஒரு நூலை வைத்து, வேண்டுமென்றே ரீங்காரம் வரவழைக்கிறோம். பேஸில் அதே உரசல் நமக்கு எதிரி. எங்கே உரசுகிறது என்று காது கொடுத்தால் காரணம் தானே தெரியும். முதல் நாலு ஃப்ரெட்டில் மட்டும் கரகரத்தால் நெக் மிக நேராக இருக்கிறது அல்லது பின்னால் சாய்ந்திருக்கிறது. 12-க்கு மேலே மட்டும் என்றால் சாடில் தாழ்ந்திருக்கிறது. விரல் வைக்காமல் தட்டும்போது மட்டும் என்றால் நட்டின் பள்ளம் தேய்ந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பி நிற்கிறது. கடைசி இரண்டையும் நீங்களே அரம் போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வீணையில் மெட்டு மெழுகில் உட்கார்ந்திருக்கும், தவறினால் மெழுகை இளக்கி மறுபடி வைக்கலாம். கிட்டார் ஃப்ரெட்டை அராவியது அராவியதுதான்.

கரகரப்பு கிட்டாரில் மட்டும் கேட்டு ஸ்பீக்கரில் கேட்காவிட்டால் விட்டுத் தள்ளுங்கள். டிரம்ஸும் ரிதம் பேடும் சேர்ந்த மேடையில் அது யார் காதுக்கும் எட்டாது.

சுருதி

ஈ, ஏ, டி, ஜி. ஹெர்ட்ஸ் கணக்கில் 41.2, 55, 73.4, 98. போன் ஆப்பில் ஈ கம்பியை வைக்கும்போது முள் தடுமாறும், ஏனென்றால் போனின் மைக் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாகப் பிடிக்காது. 12-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டுத் தட்டினால் ஒரு ஸ்தாயி மேலே மணி மாதிரி ஒலிக்கும். அதை வைத்துச் சேருங்கள்.

இப்போது அதே இடத்தில் அழுத்தி வாசித்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி கூடுதலாக இருந்தால் சாடிலைப் பின்னுக்கு இழுங்கள். குறைந்திருந்தால் நெக் பக்கம் தள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் மறுபடி சுருதி சேர்த்து ஒப்பிட வேண்டும். பழைய கம்பியில் இந்த வேலையைச் செய்யாதீர்கள், அதன் தடிமன் தேய்ந்த இடத்தில் ஒன்றும் தேயாத இடத்தில் ஒன்றுமாக இருக்கும். ஒரு முழு மதியம் போய்விடும், கணக்கு மட்டும் நிற்காது.

இரைச்சல்

நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டின் ஜி 49 ஹெர்ட்ஸ். அதாவது மேடையில் "ம்ம்ம்" என்று ஓடும் இரைச்சல் கிட்டத்தட்ட ஜி சுருதியிலேயே, துளி மேலே நிற்கிறது. ஜி-யில் பாட்டு ஓடும்போது ஒளிந்துகொள்ளும், அரை ஸ்வரம் ஏற்றிப் பாடினால் பல்லைக் கூச வைக்கும். மின்வாரியம் இலவசமாகப் போடும் சுருதிப்பெட்டி என்று எங்கள் கீபோர்டுக்காரர் சொல்வார்.

கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் நன்றாக இருக்கிறது, வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறைதான் உள்ளே போதவில்லை. தொட்டால் கூடுகிறதா? அந்த வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. பின் மூடியைத் திறந்து, பாட்-டின் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) முதுகிலிருந்து பிரிட்ஜுக்குப் போகும் வயரைத் தேடுங்கள். மல்டிமீட்டரில் கம்பிக்கும் ஜாக்கின் வெளிப்பகுதிக்கும் நடுவே பீப் கேட்க வேண்டும். ஜாஸ் பேஸ் வகையில் இரண்டு வால்யூமும் முழுசாக இருக்கும்போது அமைதியாகவும், ஒன்றைக் குறைத்தால் இரைச்சலாகவும் இருந்தால் பழுது இல்லை. இரண்டு பிக்கப்பின் சுருளும் எதிரெதிராகச் சுற்றியவை, சேர்ந்தால்தான் ஒன்றின் இரைச்சலை மற்றது அழிக்கும்.

உறை போட, வயர் இருக்கும் குழிக்குள் முழுவதும் செம்புத் தகடு டேப் ஒட்டி, ஒரு துண்டு வயரால் எர்த்தோடு சேர்க்க வேண்டும். ஜாக்கின் நுனி அந்தத் தகட்டில் முட்டினால் சத்தமே வராது, அங்கே மட்டும் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். வால்யூம் திருப்பும்போது கரகரவென்றால் காண்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து இருபது முறை திருப்புங்கள், பாதிப் பேருக்கு அதோடு முடிந்துவிடும்.

மேடையில் இன்னும் முக்கியமான ஒன்று. இரைச்சல் போகும் என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. செய்யாதீர்கள், யாரையும் செய்யவும் விடாதீர்கள். உங்கள் கம்பி எர்த்தோடு சேர்ந்தது. மைக் வேறு இடத்திலிருந்து வருகிறது. இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் இருந்தால் கோரஸ் பாட மைக்கை நெருங்கும்போது அது உங்கள் உதடு வழியாகத்தான் போகும். ஒரு மழை நாளில் எனக்கு அடித்தது, இரண்டு நாள் உதடு மரத்திருந்தது. அதற்குப் பிறகு கச்சேரிக்கு முன் மல்டிமீட்டரை ஏசி-யில் வைத்து ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையை மைக் தலையிலும் வைத்துப் பார்க்காமல் வாசிப்பதில்லை. நாலைந்து வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மைக்செட் அண்ணனைக் கூப்பிடுங்கள். "ஜெனரேட்டருக்கு எர்த் அடிச்சாச்சாண்ணே?" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆம்பும் மிக்ஸரும் ஒரே போர்டிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். சீரியல் லைட் ஓடும் வயர் பக்கத்தில் உங்கள் கேபிளைப் படுக்கவிடாதீர்கள்.

ஆம்ப் இல்லாத கச்சேரியில் பேஸை நேராக மிக்ஸரின் லைன் துளையில் சொருகினால் சத்தம் சோகையாக வரும். நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டாரின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வேண்டும். பேட்டரி இல்லாத பேஸ் என்றால் ஆக்டிவ், அதாவது தானே மின்சாரம் எடுத்து ஓடும் டிஐ வாங்குங்கள். அதிலேயே எர்த் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், பிளக்கைத் தொடாமல் இரைச்சலை வெட்டும் சரியான வழி அதுதான். பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர் இடைவேளையில் கேபிளைக் கழற்றிவிடுங்கள், சொருகியிருக்கும்வரை 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

இப்போது மாற்றலாம்

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று கச்சேரி வாசித்த பிறகும் சத்தம் திருப்தி இல்லையா, முதலில் சில்லறைக் காசில் முடிவதைப் பாருங்கள். டோன் குமிழுக்கான பாட்-டில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். மேலே 473 என்று இருந்தால் 0.047 மைக்ரோஃபாரட், 104 என்றால் 0.1. எண் பெரிதாகப் பெரிதாக, டோனைக் குறைக்கும்போது சத்தம் இருண்டுபோகும். ரேடியோ ரிப்பேர் சாமான் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும், பாட்-டின் முதுகை மட்டும் ஈயம் பிடிக்கும்படி லேசாகச் சுரண்டிக்கொள்ளுங்கள். பாட் வாங்கும்போது ஏ250கே என்று கேளுங்கள், பி என்று எழுதியிருந்தால் வால்யூம் ஏறும் விதம் வேறாக இருக்கும்.

பழைய திரைப்பாட்டின் பொத்தென்ற, அடங்கிய பேஸ் வேண்டுமென்றால் பிரிட்ஜ் பக்கம் கம்பிக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் ஒரு துண்டு வெட்டிச் சொருகுங்கள். ஐம்பது பைசா மாடிஃபிகேஷன். இதைக் கேட்டுவிட்டு பிக்கப் எண்ணத்தையே விட்டவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும்.

அதற்கு மேலும் மனசு கேட்கவில்லை என்றால் பிக்கப் மாற்றுங்கள். பழையதன் நீள அகலத்தையும் திருகாணித் துளைகளின் இடைவெளியையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள், மரத்தைக் குடையாமல் உட்காருவதாகப் பாருங்கள். கழற்றும் முன் வயர் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று போனில் படம் எடுங்கள். கழற்றிய பிக்கப், கெப்பாசிட்டர், திருகாணி எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கிட்டார் பெயர் எழுதி வையுங்கள். நாளைக்கு இந்த பேஸை விற்கும்போது விவரம் தெரிந்தவர் "ஒரிஜினல் சாமான் இருக்கா தம்பி?" என்றுதான் முதலில் கேட்பார்.